வீடு, வேலை, பயணம் என்றே நாள் போகிறது. இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: "காலையில் எழுந்தால் வீட்டு வேலை, அப்புறம் அலுவலகம், திரும்பி வந்தால் குழந்தைகள், வயதான அம்மா. தனியாக உட்கார்ந்து தியானம் செய்ய நேரம் கிடைப்பதில்லை. அன்றாட வாழ்க்கையிலேயே பாடம் கற்றுக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. என் நாளில் பாடம் என்று எதுவும் தென்படவில்லையே?"

நியாயமான எரிச்சல்தான். எறும்பைப் பார், நதியைப் பார், மரத்தைப் பார் என்கிற அறிவுரைகள் படிக்கும்போது இதமாக இருக்கும். மறுநாள் காலையில் ஒன்றும் மாறியிருக்காது. எறும்பு சுறுசுறுப்பானது என்பது நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். நாம் எதைத் தள்ளிப்போடுகிறோம், தள்ளிப்போடும்போது நமக்கு நாமே என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறோம் என்பதுதான் தெரியாது. அதை எறும்பிடம் கேட்டுப் பயனில்லை.

அதனால் என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. நாளில் என்ன நடந்தது என்று தேடாதீர்கள். நடந்ததில் உங்களுக்குள் எந்த இடம் சுருக்கென்று குத்தியது என்று பாருங்கள். மனம் நெகிழ்ந்த இடத்தைவிட, குத்திய இடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நெகிழ்ச்சி பெரும்பாலும் நம்மைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். நண்பருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்கிறீர்கள். கையில் வேறு வேலை இருக்கிறது, ஆனாலும் ஒரு கண் அங்கேதான். அரை மணி நேரத்துக்குள் மனம் ஒரு முழு வழக்கை ஜோடித்துவிடுகிறது. போன மாதமும் இப்படித்தான் செய்தார். அவருக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடுவார். நான்தான் இளிச்சவாய். சாட்சி, வாதம், தீர்ப்பு எல்லாம் முடிந்த பிறகு பதில் வருகிறது: "ஸாரி, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்." வழக்கு தள்ளுபடி. ஒரு சிரிப்போடு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

அப்படிப் போகும்போதுதான் பாடம் கைநழுவுகிறது. "அவசரப்பட்டு யாரையும் தப்பாக நினைக்கக் கூடாது" என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போனால், அதுவும் எறும்புப் பாடம்தான். அந்த அரை மணி நேரத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதலில் வந்தது கோபமா? பெரும்பாலும் இருக்காது. கோபத்துக்கு முன்னால் ஒரு நொடி, "என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையோ" என்கிற சின்ன பயம் வந்து போயிருக்கும். அந்தப் பயத்தோடு இருக்கப் பிடிக்காமல் மனம் கோபத்துக்குத் தாவியிருக்கும். கோபத்தில் நாம் பெரிய மனிதராக இருக்கலாம்; பயத்தில் அப்படி இருக்க முடியாது.

இந்த ஒரு நொடியைப் பிடித்துவிட்டால், அதே பயத்தை வேறு இடங்களிலும் அடையாளம் காணலாம். கூட்டத்தில் நாம் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையது போலச் சொல்லும்போது வருகிற வேகம். பிள்ளை நம்மிடம் சொல்லாத விஷயத்தைச் சித்தியிடம் சொல்லிவிட்டான் என்று தெரிய வரும்போது ஏற்படும் வலி. நம்மைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்துவிட்டார்களே என்ற குமுறல். ஆள் வேறு, சந்தர்ப்பம் வேறு, உள்ளே அதே பயம். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் அது உங்கள் பாடம். வேறு யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அதில் அந்த நண்பருக்குப் பங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் மரபில் இந்த விஷயத்துக்கு அடிக்கடி எடுத்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு: பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தத்தில் வரும் அவதூதரின் 24 குருமார்கள். இவ்வளவு நிம்மதியாகத் திரிகிறீரே, இந்த அறிவு உமக்கு எங்கிருந்து வந்தது என்று யது மன்னன் ஒரு துறவியைக் கேட்கிறான். அவர் பட்டியல் போடுகிறார்: பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு, தேனீ, சிலந்தி, பிங்களை என்கிற கணிகை, அம்பு செய்கிறவன், ஓர் இளம் பெண். இதை "எல்லாமே குருதான்" என்று ஒரே வரியில் சுருக்கி முடித்துவிடுவார்கள். முழுக்கப் படித்தால் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படும்.

முதலாவது, அந்தக் குருமார்களில் பலர் சிக்கிச் சீரழிந்தவர்கள். விட்டில் விளக்கில் விழுகிறது. மீன் தூண்டிலில் மாட்டுகிறது. மான் இசையில் மயங்கி அகப்படுகிறது. புறா, குஞ்சுகள் மேல் உள்ள பாசத்தில் தானே வலைக்குள் போகிறது. "பாவம், புத்தி கெட்ட ஜீவன்கள்" என்று அவதூதர் நகர்ந்து போகவில்லை. என் கண்ணும் காதும் நாக்கும் என்னை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று தன் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இன்னொருவர் தவறு செய்யும்போது நமக்கு அந்தத் திரும்பல் நடப்பதில்லை. நாம் ரசிக்கிறோம், அல்லது தீர்ப்பு சொல்கிறோம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவர் எடுத்துக்கொண்ட பாடம் அவருக்கு அளவெடுத்த பாடம். அந்தப் பெண்ணின் கதையைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் அவளைப் பெண் கேட்டு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சமைக்க நெல் குத்துகிறாள். வளையல்கள் கலகலவென்று சத்தம் போடுகின்றன. கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொன்றாக நீக்குகிறாள். கைக்கு இரண்டு மிஞ்சியபோதும் உரசிச் சத்தம் வருகிறது. ஒன்றே ஒன்று மிஞ்சியதும் நின்றுவிடுகிறது. பலர் சேர்ந்தால் சண்டை வரும், இருவர் சேர்ந்தால் வெட்டிப் பேச்சு வரும், ஆகவே தனியாகத் திரிய வேண்டும் என்று அவதூதர் எடுத்துக்கொண்டார். துறவிக்குச் சரி. நாலு பேர் இருக்கிற வீட்டில் நீங்கள் இதே பாடத்தை எடுத்துக்கொண்டால் குடும்பம் நடக்காது. ஆனால் அதே பெண்ணிடம் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அவள் வேலையை நிறுத்தவில்லை, வந்தவர்கள் மேல் எரிந்து விழவும் இல்லை. சத்தம் தன் கையிலிருந்துதான் வருகிறது என்று கண்டு, அதை மட்டும் சரிசெய்தாள்.

"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்ற வசனம் எல்லாருக்கும் தெரியும். எச்சமிட்ட கொக்கைக் கோபப் பார்வையால் எரித்த தவசி, பிச்சை கேட்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். வீட்டுக்காரி கணவனுக்குப் பரிமாறிவிட்டுத் தாமதமாக வருகிறாள். தவசி முறைக்கிறார். அவள் இந்தக் கேள்வியைக் கேட்கிறாள். மகாபாரத வனபர்வத்தில் இதே கதை கௌசிகன் என்ற பெயரில் வருகிறது. அதில் அந்தப் பெண் அவனை மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவரிடம் போய்த் தர்மம் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள். அவரோ தன் வயதான தாய் தந்தையரைக் காட்டி, நான் கும்பிடுகிற தெய்வம் இவர்கள்தான் என்கிறார். கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் சக்தியைச் சிலாகிப்பார்கள். என் கண் தவசி மேல்தான் போகிறது. இத்தனை காலம் தவம் செய்தவருக்கு ஒரு வாசலில் கொஞ்ச நேரம் காத்திருக்க முடியவில்லை. காட்டில் அவரைக் காக்க வைக்க யாரும் இல்லாததால், தனக்கு அது வராது என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. உங்களை நாள் முழுக்க யாராவது காக்க வைக்கிறார்கள், குறுக்கிடுகிறார்கள், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவருக்கு இல்லாத வசதி இது. கேலி செய்யவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

சரி, இதையெல்லாம் கவனிக்கவிடாமல் தடுப்பது எது? கெட்ட குணம் என்று நாம் நினைப்போம். பல நேரம் வெறும் அவசரம்தான். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் இருமிக்கொண்டு, தலை தொங்கச் சுருண்டு கிடந்தார்; அவரை அங்கே உட்கார வைத்ததே ஆய்வாளர்கள்தான். இன்னும் சில நிமிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், சீக்கிரம் போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவரா, வேறு தலைப்பில் பேசப் போகிறவரா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. மனதில் ஓடிக்கொண்டிருந்த உபதேசம் கால்களை நிறுத்தவில்லை. கையில் இருந்த சில நிமிட அவகாசம் நிறுத்தியது.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்லும் யோசனை ரொம்பச் சாதாரணமானது: எங்கே போவதானாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். ஆன்மிக நூல்களில் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது குழந்தை ஏதோ சொல்ல வந்தால் நின்று கேட்க முடிகிறதா இல்லையா என்பது, உங்கள் கருணையைவிட உங்கள் கடிகாரத்தைப் பொறுத்தே பல நாள் அமைகிறது.

அவசரத்துக்கு அடுத்தது, ஆள் இங்கே மனம் வேறெங்கோ. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்காக 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் போன் வழியாகக் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் வேறு எங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் அவர்கள் மகிழ்ச்சி குறைவாக இருந்ததாகவும் சொன்னார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதி நாம் இல்லாமலே நடந்தால், பாடம் தென்படவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இதற்காக நாள் முழுக்க விழிப்போடு இருக்கிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். அது மதியத்தைத் தாண்டாது. தினமும் எப்படியும் செய்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்யும்போது போனும் பாட்டும் இல்லாமல் இருங்கள். பாத்திரம் துலக்குவது போதும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி இருந்தார். அவருக்குக் கொடுத்த வேலை சமையலறையில். சமையலறை வேலை என்றாலே அவருக்கு இயல்பாகப் பிடிக்காது. அந்தப் பிடிக்காத இடத்தில் பல வருடம் இருந்துகொண்டே, ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் வித்தியாசம் இல்லாத நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டார். பிடித்த வேலையைத் தேடிப் போய் ஆரம்பிக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாத்திரம் துலக்கும்போது "இதையும் நான்தான் செய்ய வேண்டுமா" என்று ஒரு குரல் எழும். அதை அடக்கவும் வேண்டாம், அதோடு சண்டை போடவும் வேண்டாம். எத்தனாவது பாத்திரத்தில் எழுகிறது, யாருடைய முகம் கூடவே வருகிறது என்று மட்டும் பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதை அப்படியே கடவுளிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் பிரார்த்தனைதான். நம்பிக்கை இல்லையென்றாலும் பார்ப்பதில் குறையொன்றும் இல்லை.

வயதான அம்மாவைப் பற்றிக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மிகப் பெரிய பள்ளிக்கூடம் அங்கேதான் என்று நினைக்கிறேன். "டாக்டரிடம் என்றைக்குப் போகிறோம்?" என்று அம்மா கேட்கிறார். வியாழக்கிழமை என்கிறீர்கள். சற்று நேரத்தில் மறுபடி அதே கேள்வி. மூன்றாவது முறை, நாலாவது முறை. நாலாவது முறையும் நீங்கள் சொல்வது அதே "வியாழக்கிழமை"தான். ஆனால் குரல் மாறிவிட்டது. சொல்லில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, தொனியில் மட்டும் ஒரு முள். அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்குகிறது. அவரைப் பொறுத்தவரை அவர் இப்போதுதான் முதல் முறை கேட்கிறார். எதற்கு இந்தக் கோபம் என்று அவருக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் "பொறுமை வேண்டும்" என்று சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. பொறுமை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? குத்தியது எது என்று பாருங்கள். கேள்வி நாலு முறை வந்ததா குத்தியது? அப்படித் தோன்றவில்லை. குழந்தை இதே கேள்வியை நாற்பது முறை கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொண்டிருந்த அம்மா மறக்க ஆரம்பித்துவிட்டார் என்பதை ஒவ்வொரு கேள்வியும் உங்களுக்கு நினைவூட்டுகிறது. அந்தத் துக்கத்துக்கு இன்னும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை. அது எரிச்சலாக வெளியே வருகிறது. இது உங்கள் விஷயத்தில் சரியாக இல்லாமலும் போகலாம், காரணம் வெறும் தூக்கமின்மையாகக்கூட இருக்கலாம். நீங்களேதான் பார்க்க வேண்டும்.

பார்த்த பிறகு ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் பார்த்தது ஆவியாகிவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆய்வு செய்து காட்டிய விஷயம் இது: "இனிமேல் பொறுமையாக இருப்பேன்" என்கிற பொதுவான தீர்மானத்தைவிட, "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று சந்தர்ப்பத்தோடு சேர்த்து முடிவு செய்துகொள்வது அதிகம் நிறைவேறுகிறது. அம்மா மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து பதில் சொல்வேன். அவ்வளவுதான் தீர்மானம். முகத்தைப் பார்த்துக்கொண்டு தொனியில் முள் வைப்பது கொஞ்சம் கஷ்டம். அதனால்தான் அந்த ஏற்பாடு. அது கைவர நாளாகும். புதுப் பழக்கங்கள் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இதுவரை சொன்னது சுய முன்னேற்றம். ஆன்மிகம் என்று கேட்டிருப்பதால் இன்னும் ஓரடி போக வேண்டும். 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு ரமண மகரிஷி எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னால் "நான் யார்?" என்று நூலாயின. எண்ணம் எழும்போது அதன் பின்னாலேயே ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார். எனக்கு என்று பதில் வந்தால், அந்த நான் யார் என்று பார்க்கச் சொல்கிறார். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய பெரிய சாதனை என்றே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பதில் வராத செய்தியைப் பார்த்து உள்ளே கொதிக்கும்போது, "யாரை மதிக்கவில்லை என்று இவ்வளவு கொதிப்பு?" என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது. ஆனால் அதுவரை கெட்டியாக இருந்த அந்த "நான்" கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். சைக்காலஜி அடுத்த முறை எப்படி நடந்துகொள்வது என்பதோடு நிற்கும். இது, அடிபட்டது யார் என்றே கேட்கிறது.

இரவில் ஐந்து நிமிடம் கிடைத்தால், நாளைத் திருப்பிப் பாருங்கள். ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, விளக்கை அணைத்த பிறகு, தன் வழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் இருக்க, அன்றைய பேச்சையும் செயலையும் ஒன்றுவிடாமல் பரிசோதிப்பதாகக் கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் சொல்கிறார். அதில் எனக்குப் பிடித்தது அவர் தொனிதான்: இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்கிறார். நம்மில் பலர் இரவுப் பரிசோதனையைத் தண்டனைக் கூடமாக மாற்றிவிடுகிறோம். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறி, தூக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறோம். அப்படிக் கிளறுவது மனச்சோர்வை வளர்க்கும். அதைச் சுயபரிசோதனை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளறாமல் பார்க்க ஒரு வழி குறளில் இருக்கிறது. "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு" என்கிறார் வள்ளுவர். அயலார் குற்றத்தைப் பார்ப்பது போலத் தன் குற்றத்தைப் பார்த்தால் கேடு ஏது என்கிறார். 2014இல் இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்ற ஆய்வாளர்கள் இதற்கு மிக நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். மனிதர்கள் தங்கள் பிரச்சினையைவிட நண்பரின் பிரச்சினையைப் பற்றி நிதானமாக, பல கோணத்தில் யோசிக்கிறார்கள். ஆனால் தன் பிரச்சினையையே சற்றுத் தள்ளி நின்று வெளியாள் போலப் பார்க்கச் சொன்னால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆகவே இரவில் எழுதும்போது "நான் கத்தினேன்" என்பதற்குப் பதில் உங்கள் பெயரைப் போட்டு, "இன்னார் இன்று கத்தினார்; அதற்கு முன்னால் அவருக்கு என்ன ஆயிற்று?" என்று எழுதிப் பாருங்கள். முதல் தடவை அபத்தமாகத்தான் இருக்கும்.

இனி, எச்சரிக்கை. எல்லாவற்றிலும் பாடம் தேடும் பழக்கம் ஓர் அளவுக்கு மேல் போனால் மனிதரை வறண்டவராக ஆக்கிவிடும். முக்கியமாக, அடுத்தவர் துன்பத்தில் பாடம் தேடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது" என்று சொல்கிற ஆன்மிகத்தை நான் ஒரு காலும் ஏற்க மாட்டேன். பைபிளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு என்பவனின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமிக்குப் புத்தர் நிலையாமையைப் பிரசங்கம் செய்யவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். வீடு வீடாக ஏறி இறங்கி அவளே தெரிந்துகொண்டாள். வள்ளலார் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்றார். பயிரைப் பார்த்து நிலையாமையை யோசித்தேன் என்று பாடவில்லை. 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து சோறு போட்டார். பசித்தவர் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். பாடம் எல்லாம் அப்புறம்.

அதே மாதிரி, உங்களுக்கு நடக்கும் அநியாயத்தையும் பாடம் என்று பெயரிட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிக்கிறவர், சம்பளத்தை ஏமாற்றுகிறவர், தினமும் அவமானப்படுத்துகிற மேலதிகாரி ஆகியோர் முன்னால் "இவர் என் பொறுமையைச் சோதிக்க வந்த குரு" என்று சொல்லிக்கொள்வது ஆபத்து. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது, புகார் கொடுப்பது, விலகுவது, உதவி கேட்பது. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால் அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வளர்கிறோமா என்று எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். உள்ளே அமைதி, ஆனந்தம் என்கிற அளவுகோல்களை நான் நம்புவதில்லை. விடுமுறை நாளில் எல்லாருக்கும் அமைதிதான். மன்னிப்புக் கேட்க முன்பு மூன்று நாள் ஆனது, இப்போது அன்றைக்கே கேட்க முடிகிறதா என்று பாருங்கள். இன்னொருவர் பாராட்டப்படும்போது முகத்தில் வரவழைக்கும் புன்னகைக்கு எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்று பாருங்கள். கூட இருக்கிறவர்கள் கெட்ட செய்தியை உங்களிடம் சொல்லத் தயங்குவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் மூன்றாவதுதான் நம்பகமானது, ஏனென்றால் அதை நீங்கள் நடிக்க முடியாது.

தியானத்துக்கு நேரமில்லை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றாட வாழ்க்கையே போதும், தனியாக உட்கார வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சும்மா உட்காருவது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். டிமோத்தி வில்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வெறும் அறையில் கால் மணி நேரம் தனியாக இருக்கச் சொன்னபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். அதனால் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் உட்காருங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் வரை சும்மா இருந்தாலும் கணக்கில் சேரும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், முதல் இரண்டு வாரத்துக்கு அம்மாவின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தையும் நண்பர்களையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தன்னைத் திருத்தப் போகிறவர்கள் நாலாம் நாள் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். இரவில் ஒரு வரி போதும்: இன்று எத்தனாவது முறையில் குரல் மாறியது, அதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு யாராவது இருந்தால், அம்மா கேட்கும்போது பதில் சொல்லும் வேலையை அவர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போகும் நாளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். மறதி கூடிக்கொண்டே போகிறது என்று தோன்றினால் அந்த வியாழக்கிழமையே டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.